என்எல்ஓ கணக்கு போட ஆரம்பிக்கிறவங்களுக்கு: முடிவிலியோட முடிவிலியை அடிச்சு உருப்படியா ஒரு நம்பர் எடுக்குறது எப்படி

கொலைடர் தியரி, அதாவது துகள்களை மோத விட்டா என்ன வரும்னு கணக்கு போடுற துறை, அது பக்கம் புதுசா வர்றவங்க பெரும்பாலும் ஒரே இடத்துல தான் ஆரம்பிக்கிறாங்க, மேட்கிராஃப்னு கணக்கு போடுற ப்ரோகிராம் ஒண்ணை இறக்கி வச்சாச்சு, ப்ராசஸ் பேர டைப் பண்ணி சதுர அடைப்புக்குள்ள க்யூசிடினு (குவார்க், குளுவானோட ஸ்ட்ராங் விசை தியரி) போட்டாச்சு, கொஞ்ச நேரத்துல, மோதினா அது நடக்க எவ்வளவு வாய்ப்புனு சொல்ற கிராஸ் செக்‌ஷன் திரையில வந்து நிக்குது, என்எல்ஓ, அதாவது முதல் தோராயத்துக்கு அடுத்த திருத்தம், முடிஞ்சுதுனு நினைச்சுக்கிறாங்க. அந்த நம்பர் சரியாவே இருக்கலாம், அதுல பிரச்சினை இல்ல. ஆனா அது எப்படி வந்துச்சுனு தெரியாம இருந்தா, என்னைக்காவது தப்பா வரும்போது தப்புனு கண்டுபிடிக்க உங்களால முடியாது, இந்த துறையில அது ரொம்ப காஸ்ட்லியான விஷயம். அதனால நான் சொல்ற வரிசை கொஞ்சம் தலைகீழா இருக்கும், முதல்ல பேப்பர், அப்புறம் ஒரு இருபது வரி கோட், கடைசியில தான் பெரிய ப்ரோகிராம்.

குவாண்டம் ஃபீல்டு தியரி ஒரு கோர்ஸ் படிச்சிருக்கீங்க, ட்ரீ டயக்ராம் போட்டு ஸ்கொயர் பண்ணத் தெரியும், டிரேஸ் எடுக்கத் தெரியும், இது மட்டும் இருந்தா போதும்னு வச்சுக்கிட்டு எழுதுறேன்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்

விடையை கப்ளிங்கோட பவர் பவரா, அதாவது ஆர்டர் ஆர்டரா எழுதினா, மிகச் சின்ன ஆர்டர்ல வர்ற கணக்கு லீடிங் ஆர்டர், சுருக்கமா எல்ஓ. அடுத்தது என்எல்ஓ, அதுக்கு அடுத்தது என்என்எல்ஓ, அதுக்கும் மேல போனா என்3எல்ஓ. ஸ்ட்ராங் கப்ளிங் ஆல்ஃபா எஸ் இசட் போசான் எனர்ஜியில சுமார் 0.118, அப்போ ஒவ்வொரு ஆர்டரும் ஒரு பத்து பர்சென்ட் திருத்தம் தானே கொடுக்கும்னு தோணும். ஹிக்ஸ் அந்த நினைப்பை அப்படியே உடைச்சு போட்டுருச்சு.

புரோட்டான்களை மோத விடுற எல்ஹெச்சி மெஷின்ல 13 டெவ் எனர்ஜியில ரெண்டு குளுவான் சேர்ந்து ஒரு ஹிக்ஸ் உருவாகுற கிராஸ் செக்‌ஷனை 2016ல அனஸ்டசியுவும் கூட்டாளிகளும் 48.58 பிகோபார்ன்னு கொடுத்தாங்க. அதை பிரிச்சுப் பாத்தா தான் சுவாரசியம். எல்ஓ வெறும் 16.00, என்எல்ஓ அதுக்கு மேல 20.84 சேர்க்குது, அதாவது திருத்தம் மூலத்தை விட பெருசு! என்என்எல்ஓ 9.56, என்3எல்ஓ 1.49. மீதி எல்லாம் குவார்க் மாஸ், எலக்ட்ரோவீக் மாதிரி திருத்தங்கள், அதுல எலக்ட்ரோவீக் மட்டும் 2.40, சரியான குவார்க் மாஸ் வச்சு போட்டா மைனஸ் 2.05, டாப் மாஸுக்கு இன்னொரு 0.34. கூட்டிப் பாருங்க, சரியா 48.58 வரும். எல்ஓவோட நிறுத்தியிருந்தா ஹிக்ஸ் எக்ஸ்பெரிமென்ட்ல மூணு மடங்கு அதிகமா வருது, புது பிஸிக்ஸ் சிக்கிடுச்சுனு யாராவது கிளம்பியிருப்பாங்க.

ஏன் இவ்வளவு பெருசுனும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். டாப் குவார்க்கை ரொம்ப கனமா எடுத்துக்கிட்டு என்எல்ஓ போட்டா, டெல்டா ஃபங்ஷன் முன்னாடி ஆல்ஃபா எஸ் பை பை-யோட (ஆல்ஃபா எஸ்ஸை பைங்கிற எண்ணால வகுத்தது) பெருக்கமா பை ஸ்கொயர் கூட்டல் 11/2னு ஒரு எண் உக்காந்திருக்கும். பை ஸ்கொயர் 9.87, அதோட 5.5, மொத்தம் 15.4 கிட்ட. ஹிக்ஸ் மாஸ் எனர்ஜியில ஆல்ஃபா எஸ்ஸை பையால வகுத்தா சுமார் 0.036. பெருக்கினா 0.55. ஒரே ஒரு டெர்ம்ல 55 பர்சென்ட். கப்ளிங் சின்னதா இருந்தா மட்டும் போதாது, அதோட ஒட்டிக்கிட்டு வர்ற எண்ணும் சின்னதா இருக்கணும்.

முதல் படி: ஒரே ஒரு கணக்கை கையால முழுசா போடுங்க

எந்த கணக்குனு கேட்டா, கண்ண மூடிக்கிட்டு சொல்வேன், எலக்ட்ரான் பாசிட்ரான் மோதி ஒரு விர்ச்சுவல் ஃபோட்டான் வழியா குவார்க் ஆன்ட்டிகுவார்க் ஆகுறது. உள்ள வர்றதுல க்யூசிடி கிடையாது, வெளிய போறதுல மட்டும் தான். மாஸ் ஜீரோ. இதை விட சின்னதா ஒரு உண்மையான என்எல்ஓ கணக்கு கிடைக்காது, ஆனா பெரிய கணக்குல வர்ற முக்கால்வாசி தலைவலி இதுலயே வந்துடும்.

ரெண்டு துண்டு இருக்கு. ஒண்ணு விர்ச்சுவல், குவார்க்குக்கும் ஆன்ட்டிகுவார்க்குக்கும் நடுவுல ஒரு குளுவான் போய் வர்ற ஒரு லூப் டயக்ராம், அதை எல்ஓ டயக்ராமோட பெருக்கணும். இன்னொண்ணு ரியல், அந்த குளுவான் நிஜமாவே வெளிய கிளம்பிப் போறது. ரெண்டையும் தனித்தனியா போட்டா ரெண்டுமே முடிவிலி. புதுசா வர்றவங்க இங்க தான் பயந்துடுறாங்க, எங்கயோ தப்பு பண்ணிட்டோம்னு. தப்பு எதுவும் இல்ல. குளுவானோட எனர்ஜி ஜீரோ கிட்ட போனாலோ, குளுவான் குவார்க்கை ஒட்டி அதே திசையில போனாலோ, எந்த டிடெக்டராலயும் அது வந்துச்சா வரலையானு சொல்ல முடியாது, அப்போ குளுவான் வந்த கேஸும் வராத கேஸும் தனித்தனி கேள்வியே இல்ல, ரெண்டையும் கூட்டினா தான் அர்த்தம். கூட்டினா முடிவிலி அடிச்சுப் போகும்னு கினோஷிடா 1962லயும் லீயும் நாவன்பெர்கும் 1964லயும் காட்டிட்டாங்க.

ஆனா முடிவிலியில இருந்து முடிவிலியை கழிக்கிறதுக்கு முன்னாடி அதை எழுதத் தெரியணுமே. அதுக்கு தான் டைமென்ஷனல் ரெகுலரைசேஷன், ட் ஹூஃப்ட்டும் வெல்ட்மனும் 1972ல கொண்டு வந்தது, அதே வருஷம் பொலினியும் ஜியாம்பியாஜியும் தனியா கொண்டு வந்தாங்க. காலவெளி 4 டைமென்ஷன் இல்ல, 4 மைனஸ் 2 எப்சிலான்னு வச்சுக்கிட்டு எல்லா இன்டகிரலையும் போடணும், முடிவிலி எல்லாம் 1 பை எப்சிலான், 1 பை எப்சிலான் ஸ்கொயர்னு வெளிய வந்து நிக்கும். இதுக்கு நாங்க போல்னு சொல்வோம்.

ரியல் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க, அது தான் கண்ணுக்குத் தெரியும். குவார்க், ஆன்ட்டிகுவார்க், குளுவான் மூணோட எனர்ஜியையும் பீம் எனர்ஜியால வகுத்து எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3ன்னு வச்சுக்கோங்க, மூணும் கூட்டினா 2. ஸ்கொயர் பண்ணின மேட்ரிக்ஸ் எலிமென்ட்ல மேல எக்ஸ்1 ஸ்கொயர் கூட்டல் எக்ஸ்2 ஸ்கொயர் வரும், கீழ 1 மைனஸ் எக்ஸ்1, 1 மைனஸ் எக்ஸ்2 ரெண்டோட பெருக்கம். இதை ஒரு முக்கோணமா வரைஞ்சு பாருங்க. எக்ஸ்1 மட்டும் 1 கிட்ட போனா குளுவான் ஆன்ட்டிகுவார்க்கை ஒட்டிப் போகுது, அது ஒரு விளிம்பு. எக்ஸ்2 மட்டும் போனா குவார்க்கை ஒட்டி, அது இன்னொரு விளிம்பு. ரெண்டும் சேர்ந்து 1 ஆகுற மூலையில குளுவான் எனர்ஜியே இல்லாம சாஃப்ட் ஆகிடுது. விளிம்பு ஒவ்வொண்ணும் ஒத்தை போல் கொடுக்கும், மூலை இரட்டை போல் கொடுக்கும். மனசுல இந்த படம் ஒண்ணு பதிஞ்சுட்டா அப்புறம் எவ்வளவு பெரிய ப்ராசஸா இருந்தாலும் எங்க எங்க பிரச்சினை வரும்னு டயக்ராம பாத்தே சொல்லிடலாம்.

போட்டு முடிச்சா, ரெண்டுக்கும் பொதுவான ஒரு முன்காரணியை வெளிய எடுத்துட்டு, ரியல் இப்படி வரும்: 2 பை எப்சிலான் ஸ்கொயர், கூட்டல் 3 பை எப்சிலான், கூட்டல் 19/2, மைனஸ் பை ஸ்கொயர். விர்ச்சுவல்: மைனஸ் 2 பை எப்சிலான் ஸ்கொயர், மைனஸ் 3 பை எப்சிலான், மைனஸ் 8, கூட்டல் பை ஸ்கொயர். கூட்டுங்க. போல் ரெண்டும் அடிச்சுப் போச்சு, பை ஸ்கொயரும் போச்சு, மிச்சம் 3/2. கலர் ஃபேக்டர் 4/3, வெளிய ஆல்ஃபா எஸ் பை 2 பை, எல்லாத்தையும் பெருக்கினா ஆல்ஃபா எஸ் பை பை. அவ்வளவு தான், முழு என்எல்ஓ திருத்தம் இந்த ஒரு எண். ஒரு வாரமா பக்கம் பக்கமா எழுதினது இந்த குட்டி எண்ணா சுருங்கும்போது வர்ற சந்தோஷத்தை நான் விளக்கப் போறதில்ல, போட்டுப் பாருங்க.

போடும்போது ஒரு இடத்துல கண்டிப்பா நிப்பீங்க. குவார்க் செல்ஃப் எனர்ஜி டயக்ராம எங்க காணோம்னு. மாஸ் இல்லாத குவார்க், வெளிய போற கால்ல இருக்கிற லூப், அதுல எந்த ஸ்கேலும் கிடையாது, அதனால டைமென்ஷனல் ரெகுலரைசேஷன்ல அது ஜீரோ. ஜீரோனா ஒண்ணுமில்லனு அர்த்தம் இல்ல, உள்ள ஒரு அல்ட்ராவயலெட் போலும் ஒரு இன்ஃப்ராரெட் போலும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு ஜீரோவா நிக்குது. அதனால தான் விர்ச்சுவல்ல மிஞ்சி நிக்கிற போல் எல்லாத்தையும் இன்ஃப்ராரெட்னு எடுத்துக்க முடியுது. இதை புரிஞ்சுக்காம தாண்டிப் போனவங்க பின்னாடி ரீநார்மலைசேஷன் பண்ணும்போது ரெண்டு தடவை கழிப்பாங்க.

போல் அடிச்சுப் போச்சுனா எல்லாம் சரினு நினைக்காதீங்க

இது என் சொந்தக் கதை. வேற ஒரு ப்ராசஸ், விர்ச்சுவல் பகுதியை ஒரு ப்ரோகிராம்ல இருந்து எடுத்தேன், ரியல் பகுதியை நானே எழுதினேன். எல்லா போலும் பன்னெண்டு இலக்கத்துக்கு அடிச்சுப் போச்சு, நானும் நிம்மதியா மேல போயிட்டேன். மூணு வாரம் கழிச்சு வேற ஒருத்தரோட ரிசல்ட்டோட ஒப்பிட்டா சில பர்சென்ட் இடிக்குது. மான்டே கார்லோல (ரேண்டம் புள்ளி போட்டு இன்டகிரேட் பண்ற பகுதி) தேடினேன், பேஸ் ஸ்பேஸ்ல (வெளிய போற துகள்களோட மொமென்டம் எல்லாம் சேர்ந்த வெளி) தேடினேன், ஒண்ணும் சிக்கல. கடைசியில பாத்தா ரெண்டு பகுதியும் வேற வேற ஸ்கீம்ல, அதாவது எதை எதை 4 மைனஸ் 2 எப்சிலான்ல எடுக்கிறதுங்கிற வேற வேற விதியில, இருந்துச்சு.

என்ன நடந்துச்சுனு மேல சொன்ன சின்ன கணக்குலயே காட்டலாம். ரியல் மேட்ரிக்ஸ் எலிமென்ட்ல மேல இருக்கிற எக்ஸ்1 ஸ்கொயர் கூட்டல் எக்ஸ்2 ஸ்கொயர்ங்கிறது 4 டைமென்ஷன்ல. குளுவானோட பொலரைசேஷனையும் 4 மைனஸ் 2 எப்சிலான்ல எடுத்தா அதோட மைனஸ் எப்சிலான் பெருக்கல் எக்ஸ்3 ஸ்கொயர்னு ஒரு குட்டி டெர்ம் கூட வரும். எப்சிலான் ஜீரோவுக்கு போகப் போகுதே, இது எதுக்குனு விட்டுடத் தோணும். ஆனா அந்த டெர்மை விளிம்புல இன்டகிரேட் பண்ணா 1 பை எப்சிலான் வரும், எப்சிலானும் 1 பை எப்சிலானும் பெருக்கி சரியா 1 மிஞ்சும். அதை விட்டீங்கன்னா 19/2க்கு பதிலா 17/2 வரும், போல் எதுவும் மாறாது. மொத்தம் 3/2க்கு பதிலா 1/2. திருத்தம் மூணுல ஒரு பங்கா போச்சு, ஆனா செக் எல்லாம் பாஸ்! விர்ச்சுவலையும் அதே மாதிரி 4 டைமென்ஷன் குளுவானோட போட்டிருந்தா அங்க மைனஸ் 8க்கு பதிலா மைனஸ் 7 வந்திருக்கும், மறுபடி 3/2 தான். எந்த ஸ்கீம் எடுத்தாலும் பரவாயில்ல, கலக்கக் கூடாது. அதனால எந்த ப்ரோகிராம்ல இருந்து ஒரு லூப் அம்ப்ளிட்யூடை எடுத்தாலும் அதோட மேனுவல்ல முதல்ல தேட வேண்டிய வார்த்தை ஸ்கீம். ரெண்டாவது, எந்த முன்காரணியை வெளிய எடுத்திருக்காங்கன்றது, ஏன்னா அதுல எப்சிலான் ஸ்கொயர்ல ஒரு வித்தியாசம் இருந்தாலும் இரட்டை போல் மேல பட்டு பை ஸ்கொயர் ஒண்ணு எங்கிருந்தோ முளைக்கும்.

ரெண்டாவது படி: கம்ப்யூட்டருக்கு முடிவிலியை எப்படி சொல்றது

மேல போட்டது மொத்த கிராஸ் செக்‌ஷன், அதனால பேப்பர்ல முடிஞ்சுது. எக்ஸ்பெரிமென்ட்காரங்க மொத்தம் கேக்க மாட்டாங்க, இந்த கட் (எந்த மோதலை மட்டும் எடுக்கணும்ங்கிற எல்லை) வச்சு, இந்த ஜெட் (ஒரே திசையில கொத்தா போற துகள்கள்) டெஃபினிஷன் வச்சு, இந்த டிஸ்ட்ரிபியூஷன் கொடுன்னு கேப்பாங்க. அப்போ ரியல் இன்டகிரலை மான்டே கார்லோல தான் போடணும், மான்டே கார்லோவுக்கு எப்சிலான்னா என்னனே தெரியாது.

இதுக்கு பெரிய ப்ராசஸ்ல இறங்காதீங்க, ஒரு வேரியபிள் வச்ச பொம்மை கணக்கு போதும். ரியல்னா 0ல இருந்து 1 வரைக்கும் எஃப் ஆஃப் எக்ஸ் பை எக்ஸ், எக்ஸோட பவர்ல ஒரு எப்சிலான் ஒட்டியிருக்கு, அதை போட்டா மைனஸ் எஃப் ஆஃப் ஜீரோ பை எப்சிலான்னு ஒரு போல் வரும். விர்ச்சுவல்னா அதே போல், பிளஸ் குறியோட. இப்போ எஃப் ஆஃப் எக்ஸ் 1 கூட்டல் எக்ஸ்னு வச்சுக்கோங்க.

சப்ட்ராக்‌ஷன் முறையில ரியல்ல இருந்து எஃப் ஆஃப் ஜீரோவை கழிச்சுட்டு அதையே விர்ச்சுவல்ல கூட்டுறோம். ரியல் பக்கம் 1 கூட்டல் எக்ஸ் மைனஸ் 1, பை எக்ஸ், அதாவது வெறும் 1. இன்டகிரல் 1. விர்ச்சுவல் பக்கம் போலோட போல் அடிச்சுப் போய் ஜீரோ. விடை 1, எங்கயும் பெரிய எண்ணே வரல.

ஸ்லைசிங் முறையில எக்ஸ், டெல்டானு நாமளே வைக்கிற ஒரு குட்டி எண்ணை விட சின்னதா இருக்கிற பகுதியை மட்டும் தனியா வெட்டி அங்க தோராயமா கையால போடுறோம், மீதியை கம்ப்யூட்டர்ல விடுறோம். டெல்டா 0.001னா கம்ப்யூட்டர் பக்கம் 7.907, கைப் பக்கம் மைனஸ் 6.908, கூட்டினா 0.999. விடை கிட்டத்தட்ட சரி தான். ஆனா கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு பர்சென்ட் ஸ்டாட்டிஸ்டிக்கல் எரர் இருந்தா அது 0.08, விடை 1 தானே, அப்போ எட்டு பர்சென்ட் எரர். டெல்டாவை இன்னும் சின்னதாக்கி பத்து லட்சத்துல ஒண்ணா எடுத்தா தோராயத்தால வர்ற தப்பு போயிடும், ஆனா ரெண்டு பக்கமும் 14 கிட்ட போயிடும், எரர் இன்னும் மோசம். மான்டே கார்லோ எரரை பாதியாக்க நாலு மடங்கு நேரம் வேணும், அதை மனசுல வச்சுக்கிட்டு டெல்டாவை தேர்ந்தெடுக்கணும். இந்த பொம்மையை பைத்தான்ல இருபது வரியில எழுதி டெல்டாவை மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க, ஒரு மாச படிப்பு ஒரு மத்தியானத்துல புரியும்.

நிஜத்துல சப்ட்ராக்‌ஷன் பக்கம் ரெண்டு பேர் முக்கியம், 1990கள் நடுவுல வந்தவை: கட்டானி சைமோர் டைபோல், அப்புறம் ஃப்ரிக்சியோனே, குன்ஸ்ட், சிக்னர் மூணு பேர் கொண்டு வந்த எஃப்கேஎஸ். மேட்கிராஃப் உள்ள ஓடுறது எஃப்கேஎஸ். என்என்எல்ஓ போகும்போது ஸ்லைசிங் மறுபடியும் தலை தூக்கும், கட்டானியும் கிராட்சினியும் 2007ல கொண்டு வந்த க்யூடி முறை அந்த வகை தான், சப்ட்ராக்‌ஷன்னு பேர் இருந்தாலும். அதுக்கு காரணம் ரொம்ப நடைமுறையானது, ரெண்டு குளுவான் ஒரே நேரத்துல சாஃப்ட் ஆகுறது, மூணு பார்ட்டான் (குவார்க், குளுவானுக்கு பொதுப் பேர்) ஒரே திசையில ஒட்டிக்கிறதுன்னு கழிக்க வேண்டிய இடங்கள் பெருகிடுது, ஸ்லைசிங்ல அதுல பாதியை ஏற்கனவே இருக்கிற என்எல்ஓ கோட் பாத்துக்கும்.

இங்க ஒரு விதி இருக்கு. நீங்க அளக்கிற அளவு இன்ஃப்ராரெட் சேஃபா இருக்கணும், சாஃப்ட் குளுவான் ஒண்ணு சேர்ந்தாலோ, ஒரு பார்ட்டான் ரெண்டா பிரிஞ்சு ஒரே திசையில போனாலோ அது மாறக் கூடாது. மாறுச்சுனா ரியலும் விர்ச்சுவலும் வேற வேற பின்ல போய் விழும், அடிச்சுக்காது. எத்தனை துகள் வந்துச்சுனு எண்ணினா அது சேஃப் இல்ல. ஆன்ட்டி கேடி அல்காரிதம் வச்சு ஜெட் எண்ணினா சேஃப். 2008ல வந்த இந்த அல்காரிதம் தான் இப்போ எல்ஹெச்சில எங்க பாத்தாலும்.

மூணாவது படி: புரோட்டான் உள்ள வந்ததும் என்ன மாறுது

புரோட்டான் மோதலுக்கு வந்தா ரியலும் விர்ச்சுவலும் கூட்டினதுக்கு அப்புறமும் ஒரு போல் மிஞ்சும். கணக்கு தப்புனு தேடாதீங்க. உள்ள வர்ற பார்ட்டான் மோதுறதுக்கு முன்னாடியே ஒரு குளுவானை அதே திசையில விட்டுட்டு எனர்ஜி குறைஞ்சு வருது, விர்ச்சுவல்ல எனர்ஜி குறையாம வருது, அதனால முழுசா அடிச்சுக்காது. மிஞ்சுறது எப்பவும் ஒரே வடிவம், ஸ்ப்ளிட்டிங் ஃபங்ஷன் (ஒரு பார்ட்டான் ரெண்டா பிரியுற வாய்ப்பை சொல்றது) பை எப்சிலான், எந்த ப்ராசஸா இருந்தாலும். எல்லா ப்ராசஸுக்கும் பொதுவா இருக்கிறதால அதை பார்ட்டான் டிஸ்ட்ரிபியூஷன் ஃபங்ஷன் (சுருக்கமா பிடிஎஃப், புரோட்டானுக்குள்ள எந்த பார்ட்டான் எவ்வளவு எனர்ஜியோட இருக்கும்னு சொல்றது) உள்ள தள்ளிடலாம், அப்படித் தள்ளும்போது தான் ஃபேக்டரைசேஷன் ஸ்கேல்னு ஒண்ணு முளைக்குது. ட்ரெல் யான் ப்ராசஸை (குவார்க் ஆன்ட்டிகுவார்க் மோதி லெப்டான் ஜோடி ஆகுறது) இப்படி என்எல்ஓல 1979ல அல்டரெல்லி, எல்லிஸ், மார்டினெல்லி போட்டாங்க. ரெண்டாவது பேப்பர் கணக்கா அதையே எடுத்துக்கோங்க, முதல் கணக்கை திருப்பிப் போட்ட மாதிரி தான் இருக்கும், விர்ச்சுவல் அப்படியே கைக்கு வரும்.

பிடிஎஃப் விஷயத்துல சின்னதா ஒண்ணு. எல்ஹெச்ஏபிடிஎஃப் லைப்ரரியில இருந்து ஒரு செட்டை எடுக்கும்போது அதோட ஆர்டர், அதோட ஆல்ஃபா எஸ், ரெண்டையும் பாருங்க. ஆல்ஃபா எஸ்ஸை கைல தனியா ஒரு மதிப்பு கொடுத்துட்டு பிடிஎஃப் வேற மதிப்புல ஃபிட் பண்ணதா இருந்தா யாரும் எரர் மெசேஜ் கொடுக்க மாட்டாங்க, நம்பர் மட்டும் அமைதியா தப்பா வரும்.

நாலாவது படி: இப்போ டூல் எடுங்க

இதை சுருக்கமா முடிச்சுக்கிறேன், ஏன்னா டூல் மாறிக்கிட்டே இருக்கும். மேட்கிராஃப்5 ஏஎம்சி அட் என்எல்ஓ, 2014ல இருந்து, ஸ்டாண்டர்டு மாடல் ப்ராசஸ் பெரும்பாலானதை தானாவே என்எல்ஓல போடும். எம்சிஎஃப்எம்ல ப்ராசஸ் லிஸ்ட் அளவானது, ஆனா கையால எழுதின ஃபார்முலா, அதனால வேகம், ஒப்பிட்டுப் பாக்க அருமை. ஒரு லூப் அம்ப்ளிட்யூட் மட்டும் வேணும்னா ஓப்பன்லூப்ஸ் இல்லனா ரிகோலா. நீங்களே டயக்ராம்ல இருந்து ஆரம்பிக்கணும்னா க்யூகிராஃப் டயக்ராம் லிஸ்ட் கொடுக்கும், ஃபார்ம் அதை அல்ஜீப்ரா பண்ணும். ஃபார்ம் பாக்க பழைய காலத்து ஆசாமி மாதிரி இருக்கும், வெர்மாஸரன் 1989ல வெளியிட்டது, ஆனா கோடிக்கணக்கான டெர்ம் இருக்கிற எக்ஸ்ப்ரஷனை மெமரியில அடங்கலன்னா டிஸ்க்ல போட்டு சார்ட் பண்ணி முடிச்சுடும், மேத்தமேட்டிகா அந்த இடத்துல மூச்சு முட்டி நின்னுடும். கத்துக்க ஒரு வாரம் ஒதுக்குங்க, வீண் போகாது.

டூல் எதை எடுத்தாலும் முதல் ரன் நீங்க பேப்பர்ல போட்ட ப்ராசஸா இருக்கட்டும். எலக்ட்ரான் பாசிட்ரான்ல இருந்து குவார்க் ஜோடி, என்எல்ஓவை எல்ஓவால வகுத்தா 1 கூட்டல் ஆல்ஃபா எஸ் பை பை வரணும். வரலன்னா இன்ஸ்டாலேஷன்லயோ உங்க செட்டிங்லயோ கோளாறு, வேற எங்கயும் தேட வேண்டாம்.

டயக்ராமை ஒவ்வொண்ணா எண்ணி போடலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன்: ட்ரீ லெவல்ல ரெண்டு குளுவான் ரெண்டு குளுவான் ஆகுறதுக்கு 4 டயக்ராம், மூணு ஆகுறதுக்கு 25, நாலுக்கு 220, அஞ்சுக்கு 2485. லூப்பே இன்னும் வரல. அதனால தான் உள்ளுக்குள்ள ரிகர்ஷன், ஹெலிசிட்டி அம்ப்ளிட்யூட்னு வேற வழிகள் ஓடுது.

அஞ்சாவது படி: ரெண்டு லூப்

என்எல்ஓ கைக்கு வந்து ஒரு வருஷமாவது ஆகட்டும், அப்புறம் இதுல இறங்குங்க, ஆழம் தெரியாம காலை விட வேண்டாம். ஒரு லூப்ல எந்த இன்டகிரலா இருந்தாலும் பாக்ஸ், ட்ரையாங்கிள், பபிள், டாட்போல் நாலுல அடங்கிடும், லிஸ்ட் ரெடியா இருக்கு, பசரீனோ வெல்ட்மன் 1979லயே வழி காட்டிட்டாங்க. ரெண்டு லூப்ல அப்படி ரெடிமேட் லிஸ்ட் கிடையாது, ப்ராசஸுக்கு ப்ராசஸ் நீங்க தான் கண்டுபிடிக்கணும்.

கண்டுபிடிக்கிற ஆயுதம் இன்டகிரேஷன் பை பார்ட்ஸ், செட்டிர்கினும் ட்காச்சோவும் 1981ல கொண்டு வந்தது. பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்துல படிச்ச அதே சங்கதி. மாஸ் எம் இருக்கிற ஒரே ஒரு ப்ராபகேட்டர், அதோட பவர் ஏ, இதை டி டைமென்ஷன்ல இன்டகிரேட் பண்ணா வர்றதை ஐ ஆஃப் ஏன்னு வைங்க. இன்டகிரல் குறிக்கு உள்ள லூப் மொமென்டத்தால பெருக்கி டோட்டல் டெரிவேட்டிவ் எடுத்தா ஜீரோ. விரிச்சு எழுதினா ரெண்டு வரியில வர்றது இது: ஐ ஆஃப் ஏ பிளஸ் 1ன்னா, டி மைனஸ் 2 ஏ-வை 2 ஏ எம் ஸ்கொயரால வகுத்து, அதால ஐ ஆஃப் ஏ-வை பெருக்கினது. அப்போ ஐ ஆஃப் 1 ஒண்ணு தெரிஞ்சா பவர் 2, 3, 50 எல்லாம் இன்டகிரேட் பண்ணாமலேயே வந்துடும். அந்த ஒண்ணுக்கு மாஸ்டர் இன்டகிரல்னு பேர். நிஜ ப்ராசஸ்ல இந்த மாதிரி சமன்பாடு லட்சக்கணக்குல வரும், லபோர்ட்டா 2000ல சொன்ன வழியில ஒரு வரிசை வச்சு அதை எல்லாம் லீனியர் சமன்பாடா தீர்க்கணும், கிரா, ஃபயர் மாதிரி ப்ரோகிராம் அதை பண்ணும், பெரிய மெஷின் கேக்கும்.

மாஸ்டரை எப்படி போடுறது? அதையே மாஸ்ஸையோ மொமென்டத்தையோ பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணா மறுபடி அதே மாஸ்டர்களா தான் வரும், அப்போ ஒரு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் கிடைச்சுடும். 2013ல ஹென் சொன்ன வடிவத்துக்கு, அதாவது எப்சிலான் வலது பக்கம் வெறும் பெருக்கலா வெளிய வந்து நிக்கிற வடிவத்துக்கு, கொண்டு வர முடிஞ்சா தீர்வு தானா உதிரும். முடியலன்னா பைசெக்டெக்ங்கிற ப்ரோகிராம் வச்சு நம்பரா போட்டுப் பாருங்க. முடிஞ்சாலும் போட்டுப் பாருங்க, ஒரு புள்ளியிலயாவது.

எரர் பார் இல்லாத நம்பரை யாருக்கும் அனுப்பாதீங்க

ரீநார்மலைசேஷன் ஸ்கேல், ஃபேக்டரைசேஷன் ஸ்கேல் ரெண்டும் நாமளா வச்சது, முழு விடை தெரிஞ்சா அது மேல விடை சார்ந்திருக்கக் கூடாது. அதனால ரெண்டையும் பாதிக்கும் ரெட்டிப்புக்கும் மாத்தி எவ்வளவு ஆடுதுன்னு பாக்கிறது வழக்கம். ஒம்போது கூட்டணி வரும், அதுல ஒண்ணு பாதி மத்தது ரெட்டிப்புன்னு எதிரெதிரா போற ரெண்டை விட்டுட்டு ஏழு புள்ளி. இது வெறும் வழக்கம் தான், ஸ்டாட்டிஸ்டிக்கல் எரர் மாதிரி இத்தனை சதவீத நம்பிக்கைனு எதுவும் இதுக்கு கிடையாது. ஹிக்ஸ் எல்ஓவோட ஸ்கேல் பேண்டுக்குள்ள என்எல்ஓ விழவே இல்ல, அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

சீரிஸ் ஒழுங்கா நடந்துக்கிற இடமும் உண்டு. நம்ம முதல் கணக்கையே மேல கொண்டு போனா, அஞ்சு ஃப்ளேவர் (குவார்க் வகை), ஆல்ஃபா எஸ் 0.118க்கு, எல்ஓ 1, என்எல்ஓ 1.0376, அடுத்து 1.0395, அதுக்கும் அடுத்து 1.0389. ரெண்டாவது ஆர்டர் முன்னாடி 1.409, மூணாவது முன்னாடி மைனஸ் 12.8, அதான் கடைசியில கொஞ்சம் இறங்குது. இப்படி ஆர்டர் ஆர்டரா எழுதி வச்சுப் பாத்தா, ஸ்கேல் மாத்திப் பாக்கிறதை விட நிறைய தெரியும்னு நான் நினைக்கிறேன், எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க.

ரிசல்ட்டை வெளிய விடுறதுக்கு முன்னாடி நான் பாக்கிறது: கேஜ் பாராமீட்டரை விட்டு வச்சு அது கடைசியில தானா காணாம போகுதா, குளுவான் பொலரைசேஷனுக்கு பதிலா அதோட மொமென்டத்தை போட்டா அம்ப்ளிட்யூட் ஜீரோ ஆகுதா, டெல்டாவையோ சப்ட்ராக்‌ஷன் எல்லையையோ மாத்தினா விடை அசையாம இருக்கா, ரெண்டு லூப்னா போல் கட்டானி 1998ல கொடுத்த ஃபார்முலாவோட ஒத்துப் போகுதா, முடிஞ்சா இன்னொருத்தர் தனியா எழுதின கோட் ஒண்ணு. கடைசியா சொன்னது தான் என்னை அந்த மூணு வார குழியில இருந்து தூக்கி விட்டது. அப்படி ஒப்பிடும்போது வெறும் மொத்த கிராஸ் செக்‌ஷனை வச்சு ஒப்பிடாதீங்க, ஒரே ஒரு பேஸ் ஸ்பேஸ் புள்ளியை எடுத்து ரெண்டு பேரும் ஒவ்வொரு துகளோட ஃபோர் மொமென்டத்தையும் பதினாறு இலக்கத்துல எழுதி, அந்த புள்ளியில ட்ரீ, போல், ஃபைனைட் பார்ட்னு தனித்தனியா பாருங்க. ட்ரீயிலயே இடிச்சா கப்ளிங் இல்லனா ஆவரேஜிங். ட்ரீ ஒத்து போல் இடிச்சா ரீநார்மலைசேஷன். போல் வரைக்கும் ஒத்து ஃபைனைட் மட்டும் இடிச்சுதுன்னா, முதல்ல ரெண்டு பேரோட ஸ்கீமும் என்னன்னு கேளுங்க.